ரியோவின் ஒடியான், காரைக்குடியின் ஒடியான்

பிரேசில் நாட்டுப் பியானோ இசைக்கும் நமக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் ஏவி. மெய்யப்பன். வடபழனி ஏவி.எம். ஸ்டுடியோவுக்கும் அதன் வாசலில் சுழன்ற உலக உருண்டைக்கும் வெகு முன்னால், அவர் காரைக்குடியில் அப்பாவின் கடையில் இசைத்தட்டு விற்றுப் பழகிய இளைஞர். 1932இல் கூட்டாளிகளோடு சேர்ந்து சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். அந்தக் கடை தென்னாட்டில் பரப்பிய தட்டுகளின் பெயர் 'ஒடியான்'. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன், பூமியின் மறுபக்கத்தில், ரியோ டி ஜெனிரோவில் எர்னெஸ்டோ நாசரெத் என்ற பியானோக்காரர் தன் சொந்த இசை ஒன்றைத் தட்டில் பதிந்திருந்தார். தட்டின் பெயர் ஒடியான். அவர் வாசித்த இசையின் பெயரும் ஒடியான்தான்.

பிரேசிலின் பியானோ உருப்படிகளை வாசித்துப் பார்க்க நினைக்கும் பொழுதுபோக்குக் கலைஞர்கள் பெரும்பாலும் இந்த 'ஒடியான்' வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். மூன்று நிமிடத்துக்கு முன்பின்னாக முடிந்துவிடும். கேட்டவுடன் பிடித்துப்போகும். வாசிக்க உட்கார்ந்தால்தான் அதன் முரண்டு தெரியும். அது கடந்துவந்த வழியைச் சொல்ல பெர்லினில் தொடங்க வேண்டும்.

பெர்லினில் 1903இல் 'இன்டர்நேஷனல் டாக்கிங் மெஷின் கம்பெனி' என்றொரு நிறுவனம் பிறந்தது. நடத்தியவர் ஃபிரெடரிக் பிரெஸ்காட் என்ற அமெரிக்கர். தட்டுகளுக்குப் பாரிஸின் புகழ்பெற்ற ஒடியான் நாடக அரங்கின் பெயரைச் சூட்டி, அரங்கின் படத்தையே லேபிளில் அச்சிட்டார்கள். அதுவரை தட்டுக்கு ஒரே பக்கம்தான் பாட்டு; மறுபக்கம் மொட்டை. 1904இல் ஒடியான் இரண்டு பக்கமும் பாட்டுள்ள தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு தட்டு விலையில் இரண்டு பாட்டு என்றால் எந்த ஊர் வியாபாரிதான் சும்மா இருப்பார்?

ரியோவில் சும்மா இராதவர் பிரெட் ஃபிக்னர். இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவில் பிறந்த யூதர். இளம் வயதில் அமெரிக்கா போனார். அங்கே எடிசனின் பேசும் இயந்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு 1891இல் பிரேசிலின் வடக்குத் துறைமுகமான பெலெமில் வந்திறங்கினார். ஊர் ஊராகப் போய், காசு வாங்கிக்கொண்டு, இயந்திரம் பேசுவதை ஜனங்களுக்குக் காட்டினார். 1900இல் ரியோவில் 'காசா எடிசன்' என்ற கடை வைத்தார். 1902இல் பிரேசில் மண்ணின் முதல் இசைத்தட்டுப் பதிவுகளை எடுத்தவரும் அவரே. சில ஆண்டுகளில் அவர் கடைத் தட்டுகள் ஒடியான் லேபிளோடு வரத் தொடங்கின. கடைப்பெயர் அமெரிக்க விஞ்ஞானியுடையது, தட்டின் பெயர் பாரிஸ் அரங்குடையது, ஆலை பெர்லினில், பாட்டு மட்டும் ரியோ தெருவில் பிறந்தது. வணிகம் உலகை இப்படித்தான் முடிச்சுப் போட்டது.

பொஹீமியா ரியோவுக்கு அனுப்பிய சரக்கு ஃபிக்னர் ஒருவர் மட்டும் இல்லை. போல்கா நடனமும் அந்த மண்ணில் பிறந்ததுதான். 1845இல் ரியோ மேடை ஏறி ஊரையே ஆட்டிவைத்தது. போல்காவை வாசிக்கப் பியானோக்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. நெப்போலியனுக்கு அஞ்சிய போர்ச்சுகல் அரச குடும்பம் கப்பலேறி வந்து 1808இல் ரியோவில் குடிபுகுந்தது, துறைமுகங்கள் திறந்துவிடப்பட்டன, ஐரோப்பியப் பியானோக்கள் வந்து குவிந்தன. வசதியான வீடென்றால் ஒரு பியானோவும் அதை வாசிக்கும் பெண்ணும் இருக்க வேண்டும் என்று ஆனது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரியோவைப் பியானோக்களின் நகரம் என்றே அழைத்தார்கள். அந்தப் பியானோக்களில் போல்காவோடு கியூபாவின் ஹபனேரா தாளமும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் லுண்டு ஆட்டமும் கலந்தன. அடி விழும் என்று எதிர்பார்க்கும் இடத்துக்கு ஒரு இழை முன்னதாக ஸ்வரம் வந்துவிடும் நடை அங்கே உருவாயிற்று. தெருவில் அதற்கு மஷீஷே என்று பெயர். பெரிய வீடுகளில் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

நாசரெத் பிறந்தது 1863இல். அம்மாவிடம் பியானோ பழகினார். பத்து வயதில் அம்மாவை இழந்தார். 14 வயதில் முதல் உருப்படியை எழுதினார். ஷோப்பான் இசைமேல் தீராத பக்தி. ஆனால் காது தெருவில் இருந்தது. குழல், கிடார், கவாக்கின்யோ என்ற நாலு தந்திச் சின்ன வாத்தியம் மூன்றும் சேர்ந்து இரவெல்லாம் வாசிக்கும் 'ஷோரோ' குழுக்களை அவர் கேட்டு வளர்ந்தார். அந்தத் தெருவோசையைப் பியானோவுக்குள் கொண்டுவந்தார். மஷீஷே என்ற பெயரைத் தவிர்த்து 'பிரேசிலியன் டாங்கோ' என்று கௌரவமான தலைப்பை வைத்தார். பெயர் மாறியதால் இசை பெரிய வீட்டுக்கூடத்துக்குள் நுழைந்தது. 1893இல் அவர் எழுதிய 'பிரெஜெய்ரோ' ஊரெல்லாம் பரவியது. ஆனால் அதன் உரிமையை 50 மில்ரெய்ஸுக்கு மொத்தமாக விற்றுவிட்டிருந்தார். பிறகு எத்தனை பிரதி விற்றாலும் அவருக்குப் பயனில்லை.

1909இல் ரியோவின் புதிய அகன்ற சாலையான அவெனிதா சென்ட்ரலில் 'ஒடியான்' என்ற சினிமாக் கொட்டகை திறந்தது. தட்டு நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அந்தக் காலத்தில் நாகரிகமாகத் தோன்ற விரும்பிய எல்லோரும் எடுத்துக்கொண்ட பெயர் அது. நம் சென்னை ராயப்பேட்டையிலும் ஓர் ஒடியான் தியேட்டர் இருந்தது. பின்னாளில் மெலடி ஆயிற்று. ரியோ ஒடியானில் அடுத்த காட்சிக்குக் காத்திருப்பவர்களுக்காக நாசரெத்தைப் பியானோ வாசிக்க அமர்த்தினார்கள். அவர் வாசிப்பைக் கேட்பதற்கென்றே டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. தன்னை வேலைக்கு வைத்த கொட்டகையின் பெயரையே ஒரு புதிய டாங்கோவுக்குச் சூட்டி, அதை நடத்திய சாம்பெல்லி நிறுவனத்துக்குக் காணிக்கையாக்கினார். அதுதான் நம் 'ஒடியான்'.

அதன் அழகு இடக்கையில் இருக்கிறது. பியானோவில் வழக்கமாக மெட்டு வலக்கைக்கு, தாங்குவது இடக்கைக்கு. 'ஒடியான்' தொடங்கும்போது கீழ்ஸ்தாயியில் இடக்கைதான் பாடுகிறது. வலக்கை அதற்குமேல் சின்னச் சின்ன ஸ்வரக்கொத்துகளை அடிக்கு முன்னும் பின்னுமாகத் தூவுகிறது. ஷோரோ குழுவில் கிடார்காரர் தாழ்ந்த தந்திகளில் மெட்டுக்குப் பதில் சொல்லி நகர்வார்; அந்த வேலையை நாசரெத் அப்படியே இடக்கையிடம் கொடுத்துவிட்டார். நம் ஊரில் ஆர்மோனியத்தில் விரல் பழகியவர்கள் இங்கே திணறுவது இயல்பு. ஆர்மோனியத்தில் இடக்கைக்குத் துருத்தி போடுவதே வேலை. தலைமுறை தலைமுறையாகப் பாடாத கை இங்கே திடீரென்று பாட வேண்டும்.

1912இல் நாசரெத் காசா எடிசனுக்காக 'ஒடியா'னைப் பதிந்தார். அன்று மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பின் முன் வாசிக்க, ஒலியின் அழுத்தமே மெழுகில் கோடு கிழிக்க வேண்டும். கூம்புக்குக் குழலோசை நன்றாகக் கேட்கும். பியானோவின் கீழ்ஸ்தாயி சரியாகக் கேட்காது. அதனால் பெத்ரோ டி அல்கன்தாரா என்ற குழலிசைக் கலைஞர் முன்னால் நின்று மெட்டை ஊத, இசையை எழுதியவர் பின்னாலிருந்து துணை வாசித்தார். இடக்கைக்கென்று எழுதிய இசை தட்டில் முதலில் குழலிசையாக வந்தது.

அடுத்து வந்தது ஒரு நகலெடுப்பு. பாரிஸிலிருந்து 1917இல் தூதரகச் செயலாளராக ரியோ வந்த இளம் இசையமைப்பாளர் டேரியஸ் மியோ, ஒடியான் கொட்டகையில் நாசரெத்தைக் கேட்டு மயங்கினார். அந்த நடையில் பிடிபடாமல் நழுவும் ஏதோ ஒன்று அவரை அலைக்கழித்தது. தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு பழகினார். பாரிஸ் திரும்பியதும் 'கூரைமேல் மாடு' என்ற படைப்பை 1920இல் மேடையேற்றினார். அதில் இருபதுக்கும் மேற்பட்ட பிரேசில் மெட்டுகள். நாசரெத்தின் மெட்டுகளும் அவற்றில் உண்டு. எதன் அருகிலும் எழுதியவர் பெயர் இல்லை. தலைப்பே ஒரு பிரேசில் பாட்டின் தலைப்பு. கட்டுரைகளில் நாசரெத்தை மனமாரப் புகழ்ந்தவர்தான் மியோ. ஆனாலும் ஸ்வரத்தாளில் அந்தப் பெயரை எழுதாமல் விட்டது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். பாரிஸில் ஒரு கேளிக்கை விடுதிக்கே அந்தப் படைப்பின் பெயரை வைத்தார்கள். ரியோவில் நாசரெத், ஒரு ஸ்வரத்தாள் கடையில் வாடிக்கையாளர்களுக்குப் புதுத் தாள்களை வாசித்துக் காட்டும் வேலைக்குப் போனார். பிரேசிலின் பெரிய இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ் தன் முதல் 'ஷோரோஸ்' கிடார் உருப்படியை நாசரெத்துக்குக் காணிக்கையாக்கியது ஓர் ஆறுதல்.

நாசரெத்தின் கடைசிக் காலம் கொடியது. காது மெல்ல மெல்லச் செவிடாயிற்று. 1933இல் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். 1934 பிப்ரவரியில் அங்கிருந்து வெளியேறிக் காணாமல் போனவரை, சில நாள் கழித்து, அருகிலுள்ள காட்டு அருவிப் பக்கம் தண்ணீரில் பிணமாகக் கண்டெடுத்தார்கள்.

அதே 1934ஐ ஒட்டித்தான் தென்னார்க்காட்டில் நெய்வேலி ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது, பீறிட்ட தண்ணீரோடு கரிய பொருள் ஒன்று மேலே வந்தது. பழுப்பு நிலக்கரி. இதற்கும் பியானோவுக்கும் உள்ள தொடர்பைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். ஒடியான் தட்டு அதற்குள் இந்தியாவுக்கு இரண்டாம் முறையாக வந்துவிட்டிருந்தது.

முதல் வருகை 1906இன் முடிவில். பெர்லினிலிருந்து வந்த பொறியாளர் கல்கத்தா, காசி, லக்னோ, டெல்லி, லாகூர், பம்பாய் என்று வடக்கைச் சுற்றி நூற்றுக்கணக்கில் பதிந்தார். பதிந்தவை கப்பலில் பெர்லின் போய், தட்டாகித் திரும்பி வந்தன. முதல் உலகப் போர் அந்தப் போக்குவரத்தை அறுத்தது. இரண்டாம் வருகை 1932இல், இம்முறை தெற்கில். இங்கேதான் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நுழைகிறது. கர்னாடக இசையும் நாடகப் பாட்டும் ஒடியான் லேபிளில் செட்டிநாட்டு வீடுகளுக்கும் தஞ்சாவூர் கிராமங்களுக்கும் போயின. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒடியானை வைத்திருந்த லிண்ட்ஸ்ட்ராம் குழுமம் 1931இல் லண்டனின் ஈ.எம்.ஐ. வசம் போயிருந்தது. நாய்ப்படம் போட்ட எச்.எம்.வி.யும் அதே ஈ.எம்.ஐ. வீட்டுப் பிள்ளை. சென்னைக் கடைத்தெருவில் போட்டியாளர்களாக நின்ற இரண்டு லேபிள்களின் லாபமும் கடைசியில் ஒரே கல்லாவில் சேர்ந்தது. 1938இல் ஐரோப்பாவில் போர்மேகம் சூழ்ந்தபோது தென்னாட்டு ஒடியான் நின்றுபோனது. மெய்யப்பன் அதற்குள், 1935இல் 'அல்லி அர்ஜுனா' எடுத்து, தட்டிலிருந்து படத்துக்குத் தாவிவிட்டார். தட்டு விற்ற காதுதான் பிற்காலத்தில் ஏவி.எம். படப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தது என்பது என் எண்ணம். எஞ்சிய ஒடியான் தட்டுகளில் பலவற்றைச் சேகரிப்பாளர்கள் தேடி எடுக்க, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் அவற்றை எண்மப்படுத்தியிருக்கிறது.

ஒடியான் தட்டு வந்தாலும் 'ஒடியான்' இசை அன்று தமிழ்நாட்டுக்கு வரவில்லை. பியானோ இங்கே எப்போதோ வந்துவிட்டிருந்தது. சென்னை மவுன்ட் ரோட்டில் 1842இல் தொடங்கிய மிஸ்குவித் கம்பெனி, பின்னாளில் மியூசி மியூசிக்கல், வெள்ளைக்காரர் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் பியானோவும் ஆர்கனும் விற்றது, பழுது பார்த்தது. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளுக்கும் அந்தக் கடைதான் வாசல். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் பாக், பீத்தோவன் சொல்லிக்கொடுத்த சிறிய அறையிலிருந்து இளையராஜா வந்தார். ஆனால் பொதுஜனத்துக்குப் பியானோ என்றால் சினிமாவில் பங்களாக் கூடத்தில் இருக்கும் பளபளப்பான கறுப்புப் பெட்டிதான். 'புதிய பறவை'யில் சிவாஜி பியானோ முன் உட்கார்ந்த தோரணை யாருக்குத்தான் மறக்கும்? பார்த்து ரசித்தோம், வாங்கும் விலையில் அது இல்லை.

பிரேசில் தமிழ்நாட்டுக்கு வந்தது வேறொரு வழியாக. ரியோவில் ஒடியான் லேபிள் சாகவில்லை. 1958இல் ஜுவான் ஜில்பெர்டோ என்ற மெல்லிய குரல்காரரின் தட்டு ஒடியானில்தான் வந்தது. பாஸா நோவா என்ற புதிய நடை அதிலிருந்து உலகமெங்கும் கிளம்பியது. 1960களில் அமெரிக்கா அதற்குப் பைத்தியமானது. நம் மெல்லிசைக்காரர்களும் அந்த நடையைக் கேட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானில் மின்னணு ஆர்கன் செய்தவர்கள் தாளப் பொத்தான்களில் வால்ட்ஸ், மார்ச் ஆகியவற்றோடு பாஸா நோவாவையும் சாம்பாவையும் சேர்த்தார்கள். 1980இல் காசியோ தன் முதல் கீபோர்டை விற்பனைக்கு விட்டபின், அந்தப் பொத்தான்கள் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பெட்டிகளுக்குள் தமிழ்நாட்டுக்கு வந்தன. திருவிழா மெல்லிசைக் குழு, மாதா கோயில் பாடகர் குழு, கல்யாண மண்டபம் என்று எங்கெல்லாம் கீபோர்டு போனதோ அங்கெல்லாம் பிரேசிலும் போனது. ரியோவைப் படத்தில்கூடப் பார்க்காத எத்தனையோ பேரின் விரல் 'பாஸா நோவா' பொத்தானை அழுத்தியிருக்கிறது.

இனி நெய்வேலிக்கு வருகிறேன். ஜம்புலிங்க முதலியார் கிணற்றில் கண்ட கரியை வெட்டியெடுக்க 1956 நவம்பரில் ஒரு நிறுவனம் பிறந்தது. 1957இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரிப்படுகை வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. மண்ணை வெட்டிய ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. இசைத்தட்டை அனுப்பிய அதே நாடு. வேப்பமரமும் முந்திரியும் சூழ, 'வட்டம்' என்று எண் போட்டுப் பிரித்த நகரியம் எழுந்தது. இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் குடும்பங்கள் வந்தன.

மரப் பியானோவுக்கு இந்த ஊர் உகந்தது என்று சொல்ல முடியாது. கோடையில் காயும் மரப்பலகை ஐப்பசியில் ஈரம் குடித்துப் புடைக்கும், தந்தி இறங்கும், சுருதி சேர்ப்பவரைச் சென்னையிலிருந்து 200 கிலோமீட்டர் வரவழைக்க வேண்டும். மின்பியானோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்கு வேண்டியதெல்லாம் மின்சாரம், அது நெய்வேலியின் சொந்த விளைச்சல். பக்கத்து குவார்ட்டர்ஸில் நைட் ஷிப்ட் முடித்தவர் பகலில் தூங்கும்போது, ஹெட்போனை மாட்டிக்கொண்டு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அந்த இடக்கை மெட்டைத் திரும்பத் திரும்ப உருட்டலாம். 2019 முதல் சென்னைக்கு அருகிலேயே யமஹா ஆலையில் கீபோர்டுகள் உருவாகின்றன. காப்புரிமை காலாவதியாகிப் பல காலம் ஆனதால் நாசரெத்தின் ஸ்வரத்தாள்கள் இணையத்தில் இலவசம். ரியோவின் மொரேரா சாலெஸ் நிறுவனம் அவர் வாழ்வையும் படைப்புகளையும் 150ஆம் பிறந்தநாளையொட்டி இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. 50 மில்ரெய்ஸுக்குத் தன் மெட்டை விற்ற மனிதரின் தாள்கள் இன்று வட்டத்து வீட்டில் பத்து ரூபாய் பிரின்ட் அவுட்டாகக் கிடைக்கின்றன.

இந்த இசையைக் காப்பாற்றியவர்களில் பெரும்பங்கு பொழுதுபோக்குக் கலைஞர்களுக்கு உரியது என்பேன். அன்று தாள் வாங்கி வீட்டில் வாசித்த பெண்களை நம்பித்தான் பதிப்பாளர்கள் இருந்தார்கள். நாசரெத் இறந்தபின் கச்சேரி மேடைகள் அவரைக் கிட்டத்தட்ட மறந்திருந்த காலத்திலும் வீட்டுப் பியானோக்கள் மறக்கவில்லை. 1968இல் கவிஞர் வினீசியஸ் டி மொராயஸ், பாடகி நாரா லியோவுக்காக 'ஒடியா'னுக்குச் சொல் எழுதினார். 1975இல் பியானோ மேதை ஆர்தர் மொரேரா லிமா நாசரெத்தை முழுத் தட்டுகளாகப் பதிந்தபிறகு உலகம் மறுபடி திரும்பிப் பார்த்தது. இன்று ஒரு சுரங்கப் பொறியாளரோ பள்ளி ஆசிரியையோ அதை வாசித்து, கைப்பேசியில் பதிந்து, நண்பர்களுக்கு அனுப்பினால், அவர்களும் அந்த வரிசையில் வந்தவர்கள்தான். பிசிறு இருக்கும், ஓர் இடத்தில் விரல் தடுக்கும். எனக்கு அந்தப் பதிவுகள் பிடிக்கும். மெட்டு ஒருவர் கையில் இறங்கும் நேரம் அதில் கேட்கிறது.

அப்படிப் பதிபவர்களுக்கு ஒரு யோசனை. முடிந்தால் பியானோவிலிருந்து நேரே வயர் போட்டுப் பதியுங்கள். கைப்பேசி மைக்கில் பதிந்தால் சாவிகள் தட்டுப்படும் ஓசையும் மின்விசிறிக் காற்றும் முன்னே வந்துவிடும். இன்னொன்று, கேட்பவரின் கைப்பேசி ஒலிபெருக்கி கீழ்ஸ்தாயியைத் தூக்கிக் கொடுக்காது. 1912இன் கூம்புக்கு இருந்த அதே குறை. மெட்டு இடக்கையில் தொடங்கும் இசையில் வலக்கையின் ஸ்வரக்கொத்துகள் மட்டும் கேட்டால், கேட்பவர் பாட்டைத் தவறவிட்டு அலங்காரத்தை மட்டும் கேட்டவராவார். அதனால் அனுப்பும்போது கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இயர்போன் போட்டுக் கேளுங்கள்.